சப்பாத்துத் தையலும் மரம் ஏறும் ஹார்னஸும்

மழை ஓய்ந்த ஒரு காலையில், நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சாய்ந்து நின்ற கருப்பந்தைல (யூகலிப்டஸ்) மரத்தை இறக்கப் போயிருந்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் சொந்தமாக ஹார்னஸ், அதாவது மரத்தில் தொங்குவதற்கு இடுப்பிலும் காலிலும் மாட்டும் பட்டிக் கட்டு, கொண்டுவந்திருந்தான். இடுப்புப் பட்டி நன்றாக இருந்தது, வளையங்களிலும் குறை இல்லை. இடது கால் பட்டியில் மட்டும் கறுப்பு நூலில் நெருக்கமாக ஒரு தையல்.

"வாள் பட்டு கொஞ்சம் அறுந்திருச்சு அண்ணே. டவுன்ல சப்பாத்து தைக்கிறவர்கிட்ட குடுத்து நல்லா இறுக்கித் தைச்சு வாங்கிட்டேன்" என்றான். தையல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவனை மரத்தில் ஏறவிடவில்லை.

பட்டியில் வெட்டு விழுந்தால் அந்த இடத்தில் சுமை தாங்கும் இழைகள் போய்விட்டன என்று அர்த்தம். தையல் போட்டு அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தடித்த ஊசி மீதமிருப்பதிலும் நாலு இழையைச் சேதப்படுத்தும். தொழிற்சாலைத் தையலுக்கு நூல், எத்தனை குத்து, என்ன வடிவம் என்று எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது, இழுத்துப் பார்த்து முடிவு செய்த அளவு அது. சப்பாத்து தைப்பவர் மேல் குற்றமில்லை. அவரிடம் கொடுத்ததுதான் பிழை.

இதை வைத்து, ஏறும் சாமானில் கையே வைக்கக்கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் வாங்கியபடியே அப்படியே வேலை செய்பவர் எங்கள் தொழிலில் யாருமில்லை. மலைநாட்டில் மரத்தை அடியோடு சாய்க்க இடம் கிடைப்பது அபூர்வம். கீழே தேயிலைச் செடி, பக்கத்தில் லயத்துத் தகரம், குறுக்கே மின்கம்பி. மேலே இருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும். நாலைந்து மணி நேரம் கயிற்றில் தொங்குகிறவனுக்கு ஹார்னஸ் உடம்போடு ஒட்டவில்லை என்றால் இடுப்பு கடுக்கும், கால் மரக்கும், அப்புறம் கவனம் சிதறும். அதனால் மாற்றத்தான் வேண்டும். எதை மாற்றலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் பிரிட்ஜ். ஹார்னஸின் முன்பக்கத்து இரண்டு வளையங்களையும் இணைக்கும் குட்டைக் கயிறு அது. பல ஹார்னஸ்களில் இதைக் கழற்றி மாற்றலாம், அதற்கென்றே தயாரிப்பாளர்கள் தனியாக விற்கிறார்கள். நீளமாக இருந்தால் பக்கவாட்டில் தாராளமாகத் திரும்பலாம், ஆனால் மேலே ஏறு கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடிமுடிச்சு கைக்கு எட்டாது. கை நீட்டினால் முடிச்சை முழுதாகப் பிடிக்க முடிகிற அளவு போதும். அதிகம் தேய்வதும் இந்தத் துண்டுதான். ஹார்னஸ் புதிதாக இருக்கிறதே என்று இதை மறந்துவிடுவார்கள்.

அடுத்தது பிடிமுடிச்சுக் கயிறு. சுமை ஏறியதும் ஏறு கயிற்றை இறுக்கிப் பிடித்து, கையால் அமுக்கினால் விட்டுக்கொடுக்கும் துண்டு இது. 11 முதல் 13 மில்லிமீற்றர் ஏறு கயிற்றுக்கு 8 முதல் 10 மில்லிமீற்றர் கயிறு, இரண்டு முனையிலும் கண் (மாட்டுவதற்கான சிறு வளையம்) வைத்தது, 70-80 சென்ரிமீற்றர் நீளம் என்பது வழக்கம். எத்தனை சுற்று போடுவது என்பது ஆளைப் பொறுத்தது. நான் 80 கிலோவுக்கு மேல். எனக்குக் கச்சிதமாகப் பிடிக்கும் முடிச்சு, 54 கிலோ தம்பிக்கு உடனே கவ்வாமல் அரையடி வழுகியது. நல்லவேளை, அது தரைக்குப் பக்கத்தில் நடந்தது. அடுத்தவன் கட்டிவைத்த முடிச்சில் ஏறாதே என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

இன்னொருவர் "இரும்பை விடப் பலமாம்" என்று டைனீமா என்ற செயற்கை இழைக் கயிற்றை வாங்கிவந்து பிடிமுடிச்சாகக் கட்டியிருந்தார். பலம் உண்மைதான். ஆனால் அந்த இழை வழுக்கும், அதோடு 150 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகிவிடும். வேகமாக இறங்கும்போது முடிச்சு உரசிக் கிளம்பும் சூடு சாதாரணமானதல்ல. அதனால்தான் இந்த வேலைக்கு அரமிட் என்ற சூடு தாங்கும் இழை கலந்த கயிறு செய்கிறார்கள். அது உருகாது, மிக அதிகச் சூட்டில்தான் கருகும்.

லான்யார்டை, அதாவது மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டும் கயிற்றை, கணக்குப் போட்டே வாங்குங்கள். அடிமரம் ஒரு மீற்றர் குறுக்களவு என்றால் சுற்றளவே மூன்று மீற்றரைத் தாண்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டு இடுப்பு வளையத்திலும் மாட்ட ஏறக்குறைய 4 மீற்றர் வேண்டும். கடையில் சும்மா தொங்கும் 3 மீற்றர் லான்யார்ட் பழைய கருப்பந்தைல மரத்தைச் சுற்றாது. சுற்றவில்லையே என்று இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டு நீட்டுகிறார்கள், அதுதான் வேண்டாம் என்கிறேன். நீளமானதாக ஒன்று வாங்குங்கள். செயின் சோ ஓட்டும் நேரத்தில் ஏறு கயிறு ஒன்று, லான்யார்ட் ஒன்று என்று இரண்டு பிடி கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே இரும்புக் கம்பி வைத்த லான்யார்ட் கைவாள் கீறலைத் தாங்கும், ஓடும் செயின் சோவை நிறுத்தாது. மின்கம்பிக்குப் பக்கத்தில் அதைக் கையில் எடுக்கவே வேண்டாம். எங்கள் வீதியோரம் போகிற சில லைன்கள் 33,000 வோல்ட். மின்சாரக்காரர்கள் வந்து மின்னைத் துண்டிக்காமல் அந்தப் பக்கம் ஏறுவதே தவறு.

வாள் உறை, முதலுதவிப் பை, இடுப்பில் கூடுதல் மெத்தை எல்லாம் உங்கள் இஷ்டம். நான் காலில் கட்டும் வாள் உறைக்கு மேலே அட்டைக்குப் போட உப்புப் பொட்டலமும் வைத்திருக்கிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆனால் சாமான் தொங்கவிடும் சின்ன வளையங்கள் ஐந்தாறு கிலோ வாளுக்குத்தான், உங்களுக்கு அல்ல. அவசரத்தில் அதில் காராபினரை (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியை) மாட்டியவரை நானே பார்த்திருக்கிறேன். அந்த வளையங்களுக்கு வேறு நிற டேப் சுற்றிவிடுங்கள். கைக்குத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும்.

காராபினரில் துளை போடுவது, அரம் வைத்துத் தேய்ப்பது, வெல்டிங் காட்டுவது, இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மழைக்காலத்தில் எதுவும் காயாது. உடுப்பையும் விறகையும் போலவே கயிற்றையும் அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். நைலோனுக்கும் பொலியஸ்டருக்கும் அந்தச் சூடு ஆகாது. குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சவர்க்காரம் போட்டு மண்ணைக் கழுவி, காற்றோட்டமான நிழலில் விட்டால் இரண்டு மூன்று நாளில் காயும். மண் போகாவிட்டால் அந்த மணல் உள்ளே இருந்தே இழையை அறுக்கும். தோட்டத்து ஸ்டோரில் மருந்து டின்களுக்குப் பக்கத்திலும், வண்டியில் பற்றரிக்குப் பக்கத்திலும் கயிற்றைப் போடாதீர்கள். பற்றரி அசிட் நைலோனைத் தின்னும். வெளியில் பார்க்க ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம்.

என்ன மாற்றினாலும் நான் ஒன்று செய்வேன். முழங்கால் உயரத்தில் கட்டி, வேலைக்குரிய எல்லாச் சாமானோடும் அரை மணி நேரம் தொங்குவேன். எங்கே அழுத்துகிறது, முடிச்சு எப்படிக் கவ்வுகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் தம்பியும் போன கிழமை புது ஹார்னஸோடு எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தான். பழைய ஹார்னஸின் பட்டிகளை அவன் கண் முன்னாலேயே வெட்டிப் போட்டேன், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே என்று. முகம் சுளித்தான். பரவாயில்லை.