கால் சொல்வது ஒன்று, எஞ்சினுக்குக் கேட்பது ஒன்று

மெல்போர்னில் வசிக்கும் வாசகர் ஒருவர் பழைய டொயோட்டா 86 ஒன்றை வாங்கியிருக்கிறார். 2012-இல் வந்த முதல் தலைமுறை வண்டி. சுபாருவின் இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், டர்போ கிடையாது, 200 குதிரைத்திறன். வண்டி மிகவும் பிடித்திருக்கிறதாம். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் "ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது" என்று எழுதுகிறார். நண்பர்கள் த்ராட்டில் கன்ட்ரோலர் ஒன்றைச் சிபாரிசு செய்கிறார்கள். ஜப்பானின் பிவோட், ஜெர்மனியின் டி.டி.இ. சிஸ்டம்ஸ் என்று பல நிறுவனங்கள் விற்கும் சிறிய பெட்டி அது. பெடலுக்கும் எஞ்சின் கணினிக்கும் நடுவே செருகினால் போதும், பத்து நிமிட வேலை. மாட்டியவர்கள் எல்லோரும் வண்டியே மாறிப்போனதாகச் சத்தியம் செய்கிறார்களாம். "இது நிஜமா, பிரமையா?" என்று கேட்கிறார்.

காலுக்குத் தெரியும் வித்தியாசம் நிஜம். குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாது என்பதும் நிஜம். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய கார்களில் பெடலிலிருந்து எஞ்சின்வரை ஒரு கம்பி ஓடும். காலால் இழுத்தால், காற்றுக் குழாய்க்குள் இருக்கும் வட்டத் தகடு திரும்பி வழி விடும். அந்தத் தகடுதான் த்ராட்டில். 1980களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ தன் பன்னிரண்டு சிலிண்டர் 7 சீரிஸில் கம்பியை எடுத்துவிட்டு மின்சாரத்தை வைத்தது. இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களும் அப்படித்தான். பெடல் என்பது இப்போது ஒரு சென்சார். அது சொல்வதை எஞ்சின் கணினி கேட்டு, தானே கணக்குப் போட்டு, ஒரு சின்ன மோட்டாரால் தகட்டைத் திருப்புகிறது. கால் கட்டளையிடுவதில்லை, கோரிக்கை வைக்கிறது.

அந்தக் கோரிக்கையை நடுவில் நின்று மாற்றிச் சொல்வதுதான் பெட்டியின் வேலை. நீங்கள் கால்வாசி மிதித்தால், "அரைவாசி மிதித்துவிட்டார்" என்று கணினியிடம் சொல்லும். பள்ளிக்கூடத்தில் படித்த வர்க்கமூலத்தை வைத்து இதைப் பார்க்கலாம். முழு மிதி என்பதை 1 என்று கொள்ளுங்கள். மிதித்த அளவின் வர்க்கமூலத்தைப் பெட்டி வெளியே அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 0.1 மிதித்தால் 0.32 போகும். 0.25 மிதித்தால் 0.5. பாதி மிதித்தால் 0.71. முழுக்க மிதித்தால்? 1-இன் வர்க்கமூலம் 1. அதற்கு மேல் போக வழியே இல்லை. கன்ட்ரோலரில் 'ஸ்போர்ட்', 'ரேஸ்' என்று எத்தனை பெயரில் எத்தனை நிலைகள் இருந்தாலும், அத்தனை வளைகோடுகளும் பூஜ்ஜியத்தில் தொடங்கி ஒன்றில் முடிந்தே ஆகவேண்டும்.

அதனால் ஒரு அழகான விளைவு உண்டு. பெடலின் மொத்தத் தூரத்தில் சராசரிச் சரிவு, அதாவது மிதிக்க மிதிக்க எண் ஏறும் வேகம், மாறவே முடியாது. முன்பகுதியில் சரிவைக் கூட்டினால் பின்பகுதியில் அதைத் திருப்பிக் கொடுத்தாகவேண்டும். வர்க்கமூல வளைகோட்டில் கால்வாசி மிதியைத் தாண்டியதுமே பெடல் பெட்டி இல்லாத வண்டியைவிட மந்தமாகிவிடுகிறது. கடைசிப் பாதிக்கு மிச்சமிருப்பது வெறும் 29 சதவீதம். கூர்மையாக்க வாங்கிய பெட்டி, பெடலின் பெரும்பகுதியை மழுக்கிவிடுகிறது! நாம் ஏன் அதை உணர்வதில்லை? நகரச் சாலையில் நம் கால் அந்த முதல் கால்வாசியைத் தாண்டுவதே அபூர்வம். ஒரு காரின் பலத்தை அதன் முதல் விரற்கடையில்தான் எடைபோடுகிறோம்.

இதோடு காற்றின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 7,000 லிட்டர், 2,000 சுற்றில் 2,000 லிட்டர். வேகம் குறைவாக இருக்கும்போது எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்றே சொற்பம், ஆகவே தகடு கொஞ்சம் திறந்தாலே மூச்சு முட்ட முட்டக் கிடைத்துவிடும். அதற்குமேல் எவ்வளவு திறந்தாலும் பெரிய மாற்றமில்லை. இப்போது பெட்டியும் கோரிக்கையை முன்னால் தள்ளுகிறது என்றால், குறைந்த சுற்றில் பெடலின் முதல் மூன்றிலொரு பங்கிலேயே ஏறக்குறைய எல்லாம் நடந்து முடிந்துவிடும். மிச்சத் தூரம் முழுவதும் கால் வெறுமனே போய்வரும்.

கார் கம்பெனிகள் தொடக்கத்தை மென்மையாக வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. குண்டும் குழியுமான சாலையில் வண்டி குதிக்கிறது என்று வையுங்கள். உடம்பு பின்னால் சாய, கால் தளர, வேகம் குறையும். உடனே உடம்பு முன்னால் வர, கால் அழுந்த, வேகம் கூடும். பெடல் அதிகக் கூர்மையாக இருந்தால் இந்த ஊசலாட்டம் தன்னையே வளர்த்துக்கொள்ளும். போன ஆண்டு இப்படிப்பட்ட பெட்டி மாட்டிய நண்பர் ஒருவரின் காரை, ஆகக் கூர்மையான நிலையில், அடித்தளப் பார்க்கிங்கில் பின்னோக்கி எடுத்துப் பார்த்தேன். தூணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. கால் பட்டதும் வண்டி துள்ளிய துள்ளலில் அடுத்த கணமே பிரேக்கில் ஏறி நின்றேன். நெடுஞ்சாலையில் அதே காரை ஓட்டியபோது சுகமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

வாசகர் சொன்ன அந்த 'யோசிக்கும் கணம்' என்னவாகும்? அதில் ஒரு பகுதி கணினி வேண்டுமென்றே போடும் தாமதம். திடீர் விசையில் கியரும் அச்சுத் தண்டும் முறுக்கிக்கொண்டு வண்டி உதறாமல் இருக்க, தகட்டைச் சற்று நிதானமாகத் திறக்கும். பெட்டிக்கு அந்த இடத்தில் கைவைக்க வழியில்லை, அது பெடல் பக்கம் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. அது மிச்சப்படுத்துவது உங்கள் கால் நகரும் நேரத்தை. அரை த்ராட்டில் வேண்டுமென்றால் இனி கால்வாசி தூரம் அழுத்தினால் போதும். ஒரேயடியாகத் தரையோடு மிதிப்பவருக்கு எந்த லாபமும் இல்லை.

இனி நான் மிகவும் ரசிக்கும் இடத்துக்கு வருகிறேன். பெடலுக்குள் இருக்கும் சென்சார்.

அநேகமான நவீன பெடல்களில் இருப்பது ஹால் விளைவு சென்சார். 1879-இல் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தை ஓடவிட்டு, குறுக்கே காந்தத்தைப் பிடித்தார். ஓட்டத்துக்குக் குறுக்காக, தகட்டின் இரு விளிம்புகளுக்கு இடையே ஒரு சின்ன மின்னழுத்தம் தோன்றியது. ஆற்றில் போகும் படகுகளைப் பக்கக்காற்று ஒரு கரையோரமாக ஒதுக்குவதுபோல, காந்தம் மின்னூட்டங்களை ஒரு விளிம்புக்கு ஒதுக்குகிறது. எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே 1897-இல்தான் தெரியவந்தது, அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்த அளவீடு! யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் ஹாலிடம் பதில் இருந்திருக்காது. இன்று உங்கள் பெடலில் காந்தம் நகர்கிறது, அந்தச் சின்ன மின்னழுத்தம் மாறுகிறது, எதுவும் எதையும் உரசுவதில்லை, தேய்வதும் இல்லை. உடனடிப் பயன் கேட்டு அடிப்படை ஆய்வுக்கான பணத்தை வெட்டுகிறவர்களுக்கு நான் இந்தத் தங்கத் தகட்டைத்தான் எப்போதும் காட்டுவேன்.

அப்படிப்பட்ட சென்சார் பெடலில் ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. பெடலின் செருகியில் ஆறு ஊசிகள் இருப்பதும் அதனால்தான். ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாக 5 வோல்ட் வரவு, பூமி இணைப்பு, சமிக்ஞை. இரண்டும் ஒரே காலை அளக்கின்றன, ஆனால் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. டொயோட்டாவின் பல கார்களில் காலை எடுத்த நிலையில் ஒன்று சுமார் 0.8 வோல்ட் காட்டும், மற்றது சுமார் 1.6 வோல்ட். மிதிக்க மிதிக்க இரண்டும் சேர்ந்தே ஏறும், நடுவில் அந்த இடைவெளியை விடாமல். வேறு சில கம்பெனிகளில் ஒன்று மற்றதைப்போல் சரியாக இரு மடங்காக இருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈரம் புகுந்தோ, கம்பி நசுங்கியோ இரண்டு சமிக்ஞைகளும் ஒட்டிக்கொண்டால், இரண்டும் எப்போதும் ஒத்துப்போகும். கணினி எல்லாம் சரி என்றே நினைக்கும். வித்தியாசமாக வைத்தால், ஒட்டிக்கொண்ட அந்த நொடியிலேயே இரண்டும் சமமாகிவிடும், கணினிக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒத்துப்பேசிக்கொள்ள முடியாதபடி இரண்டு சாட்சிகளைத் தனித்தனி அறையில் வைத்து விசாரிப்பதுபோன்ற ஏற்பாடு. சாட்சியங்கள் பொருந்தாவிட்டால் 'பி 2138' என்ற பிழைக்குறி பதிவாகும், எஞ்சின் விளக்கு எரியும், வண்டி ஊர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் சக்தி கொடுக்கும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு கெட்டி என்பதை அமெரிக்கா ஒருமுறை பெருஞ்செலவில் சோதித்தது. டொயோட்டா கார்கள் தானாகச் சீறுகின்றன என்ற புகார்கள் 2009, 2010-இல் வெடித்தபோது, போக்குவரத்துத் துறை நாசாவின் பொறியாளர்களை அழைத்தது. 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. பெரிய அளவில் த்ராட்டில் தானாகத் திறந்துகொள்ள மின்னணுவியல்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பழுதான ஒரு பெடலுக்குள் அவர்கள் கண்டது வியப்பானது. வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாக முளைத்த, தலைமுடியைவிட மெல்லிய உலோக இழை ஒன்று, இரண்டு சமிக்ஞைகளுக்கும் நடுவே பாலம் போட்டிருந்தது. அந்தப் பெடலில் இருந்தது உரசி இயங்கும் பழைய வகை சென்சார். ஆனால் எந்த விபத்துக்கு அஞ்சி இரண்டு எண்களை வேறுபடுத்தி வைத்தார்களோ, அதே விபத்து! வெள்ளீயம் மீசை முளைக்கும் என்பது 1940களிலிருந்தே தெரிந்த சங்கதி. ஏன் முளைக்கிறது என்று பொறுமையாக ஆராய்ந்துகொண்டிருந்த ஆட்கள் நாசாவில் இருந்ததால்தான் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டார்கள்.

இப்போது நடுவில் உட்காரும் பெட்டிக்குத் திரும்புவோம். அது இரண்டு சமிக்ஞைகளையும் வாங்கி, வளைகோட்டில் ஏற்றி, மறுபடி இரண்டு சமிக்ஞைகளாக வெளியே அனுப்பவேண்டும், அதுவும் அந்த இடைவெளியோ விகிதமோ பிசகாமல். பிசகினால் வண்டி படுத்துவிடும். ஒவ்வொரு கார் வகைக்கும் தனிப் பெட்டி அல்லது தனி இணைப்புக் கம்பி விற்பது இதற்காகவும்தான். தொழில்நுட்பமாக இது சுத்தமான வேலை, அதில் எனக்குக் குறை இல்லை.

என் கவலை வேறு. இரண்டு தனித்தனி சாட்சிகள் இருந்த இடத்தில், இப்போது இருவர் சார்பிலும் ஒரே ஆள் பேசுகிறார். பெட்டிக்குள் இருக்கும் ஒற்றைச் சில்லு தவறாகக் கணக்கிட்டால், இரண்டு பொய்களும் கச்சிதமாகப் பொருந்தியே வரும். கணினிக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் உண்மையான பெடலை அது இனி பார்ப்பதில்லை. நல்ல பெட்டிகளில் உள்ளேயே சோதனைகள் இருக்கலாம். ஆனால் பெயர் தெரியாத மலிவுப் பெட்டி ஒன்றை இந்த இடத்தில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். விலை குறைவு என்பதற்காகப் பிரேக் குழாயில் எதையும் செருகமாட்டோம் அல்லவா?

விளம்பரங்களில் 'சக்தி கூடும்' என்று எழுதியிருந்தால் அந்தக் கடையையே விட்டுவிடுங்கள். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்பதும் இதே சரக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய எரிபொருள் சேமிப்புச் சாதனங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. மைலேஜைக் கொஞ்சமாவது கூட்டியவை மிகச் சில. காந்தம் வாங்கியவருக்கும் ஏதோ மாறியதாகத் தோன்றும், அளந்து பார்க்கும்வரை.

பெட்டி விஷயத்தில் அளப்பது மிகச் சுலபம். காரின் பழுதுகளைப் படிக்க உதவும் ஓ.பி.டி. துளையில் செருகும் சிறிய புளூடூத் கருவியும் ஒரு கைபேசிச் செயலியும் போதும். எஞ்சினைக் கிளப்பாமல் இக்னிஷனை மட்டும் போட்டுவிட்டு, 'பெடல் நிலை டி', 'பெடல் நிலை ஈ' என்ற இரண்டு எண்களைத் திரையில் வையுங்கள். காலை எடுத்த நிலையில் பூஜ்ஜியம் காட்டாது. டொயோட்டாவில் 16, 32 சதவீதத்துக்கு அருகே இருந்தால் திகைக்க வேண்டாம், 5 வோல்ட்டில் அந்த 0.8-உம் 1.6-உம்தான் அவை. மெதுவாக மிதியுங்கள். பெட்டியோடு ஒருமுறை, பெட்டி இல்லாமல் ஒருமுறை. தொடக்கத்தில் எண்கள் பறப்பதும், கடைசியில் இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்பதும் கண்ணெதிரே தெரியும்.

மெல்போர்ன் வாசகருக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. 86-இல் 3,500 முதல் 4,500 சுற்றுவரை இழுவிசை தொய்ந்துபோகும் அந்தப் பிரபலமான பள்ளம் பெட்டியால் நிரம்புமா? நிரம்பாது. அது காற்று எஞ்சினுக்குள் போய் வெளியேறும் பாதைகளின் சங்கதி. புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றி, எஞ்சின் கணினியை டியூன் செய்பவர்கள்தான் அதைக் குறைக்கிறார்கள். பள்ளம் இருக்கட்டும், நகரத்தில் பெடல் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தால் போதும் என்றால், நம்பகமான பெட்டியை வாங்கி ஆக மிதமான நிலையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். மாட்டும்போது மட்டும் இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, கணினி உறங்கச் சில நிமிடங்கள் கொடுத்துவிட்டு அந்த ஆறு ஊசிச் செருகியைக் கழற்றுங்கள். விழித்திருக்கும்போது கழற்றினால் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் காணாமல் போனதாக அது உடனே பதிவு செய்துவிடும்.