அசையாத புள்ளி எத்தனை அங்குலம் நகர்ந்தது?

கும்மிருட்டான அறை. 5 மீட்டர் தள்ளி ஊசிமுனை அளவில் ஒரு வெளிச்சப் புள்ளி. அது இம்மியும் அசையவில்லை. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு ஊர்ந்து போகும். ஒப்பிட்டுப் பார்க்கச் சுவரோ விளிம்போ தெரியாதபோது, எது அசைகிறது, கண்ணா புள்ளியா என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை.

ஒரு கூட்டத்துக்குப் பொதுவான கண்ணோட்டம் எப்படி உருவாகிறது என்று பார்க்க, துருக்கியில் பிறந்த உளவியலாளர் முசாபர் ஷெரீஃப் இந்த மாயத்தோற்றத்தைத்தான் பிடித்துக்கொண்டார். சரியான விடையே இல்லாத கேள்வி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவில் அவர் நடத்திய அந்தச் சோதனை 1935இல் வெளியானது.

தனியாக உட்கார்ந்தவரிடம் புள்ளி எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முதலில் தாறுமாறாகச் சொன்னவர்கள், போகப்போக ஆளுக்கோர் அளவில் நிலைத்தார்கள். பிறகு இரண்டு மூன்று பேராகச் சேர்த்து உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். எண்கள் ஒன்றையொன்று நெருங்கின. யாரும் வற்புறுத்தவில்லை, விவாதமும் நடக்கவில்லை. மறுபடி தனியாக உட்காரவைத்ததில்தான் விஷயமே இருக்கிறது: பெரும்பாலும் குழுவின் அளவையே சொன்னார்கள். பக்கத்தில் ஆள் இல்லை. அளவு மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதை உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட கோடுகள் சோதனையோடு பலர் போட்டுக் குழப்புகிறார்கள். அங்கே எந்தக் கோடு சம நீளம் என்று சொல்லவேண்டும்; சரியான விடை கண்ணெதிரே இருந்தது. ஆஷ் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்த ஆட்கள் ஒரே குரலில் தப்பாகச் சொல்ல, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் பக்கம் சாய்ந்தன. ஆனால் தனியே எழுதித் தரச் சொன்னதும் அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. அது பெரும்பாலும் வாயளவில் ஒத்துப்போவது. ஷெரீஃபின் அறையில் நடந்ததோ பார்வையே மாறியது.

1961இல் ஜேக்கப்ஸ், கேம்ப்பெல் என்ற ஆய்வாளர்கள் ஷெரீஃபின் சோதனையில் ஒரு படி மேலே போனார்கள். புள்ளி 15, 16 அங்குலம் நகர்ந்ததாகச் சொல்ல ஆள் செட்டப் செய்தார்கள்; தனியாகப் பார்ப்பவர்கள் சராசரியாக 4 அங்குலத்தைக்கூடத் தொடவில்லை. சுற்றுக்கு ஒருவராகப் பழைய ஆள் வெளியேற, புது ஆள் உள்ளே வந்தார். செட்டப் ஆட்கள் எல்லோரும் போன பிறகும் நாலைந்து தலைமுறைக்கு (ஆள் மாறும் ஒவ்வொரு சுற்றும் ஒரு தலைமுறை) அந்த ஊதிப் பெரிதாக்கிய அளவின் சாயல் நீடித்தது, அப்புறம்தான் கரைந்தது. எல்லா அளவும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. இயல்பான அளவை விட்டு எவ்வளவுக்கெவ்வளவு விலகியதோ, அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று ஷெரீஃபும் மேக்நீலும் 1976இல் காட்டினார்கள்.