பராமரிப்பாளர் பயிற்சிக்குக் காசு கட்டுவதற்கு முன்

"மிஸ், இந்தக் கோர்ஸ் முடிச்சா எத்தின மாசத்தில லண்டன் போகலாம்?"

பயிற்சி பற்றி விசாரித்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும். கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். மட்டக்களப்பில் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கடையில் நிற்பதையும் கார்மெண்ட்ஸையும் விட்டால் பெரிதாக வழி தெரிவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது பராமரிப்பாளர் வகுப்புகளுக்குச் செய்முறை படிப்பிக்கிறவள் என்ற முறையில் அவற்றைச் சொல்கிறேன்.

முதல் நாள் நான் கரும்பலகைப் பக்கம் போவதில்லை. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக இருத்துவேன். ஒருவருக்குக் கண்ணைக் கட்டி, கையை மடியில் வைக்கச் சொல்லி, மற்றவரிடம் ஒரு கோப்பை கஞ்சியைக் கொடுத்து ஊட்டச் சொல்வேன். ஊட்டுகிறவர் நின்றபடி, பக்கத்துப் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே கரண்டியை நீட்டுவார். கண் கட்டியவருக்குக் கரண்டி எப்போது வரும், சூடா ஆறினதா, ஒன்றும் தெரியாது. வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் அடுத்தது வந்து உதட்டில் முட்டும். கஞ்சி நாடியில் வழியும், துடைக்கக் கையைத் தூக்கக் கூடாது. ஒருமுறை ஒரு பிள்ளை கட்டை அவிழ்த்ததும், "கோபம் வந்திட்டு மிஸ், ஆனா ஏன் எண்டு தெரியல்ல" என்றாள். வருடக் கணக்காகப் படுக்கையில் கிடப்பவர்கள் ஏன் சிடுசிடுக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊட்டுவதில் படிக்க நிறைய இருக்கிறது. பாரிசவாதம் வந்தவரைப் படுத்தபடி வைத்து ஊட்டவே கூடாது. நிமிர்த்தி இருத்தி, நாமும் அவருடைய கண் மட்டத்தில் இருக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு தங்கிவிடும், அவருக்கே தெரியாது. ஒவ்வொரு வாய்க்கும் விழுங்கிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். இருமினாலோ, குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் மாறினாலோ உடனே நிறுத்த வேண்டும். உணவு மூச்சுக் குழாய்ப் பக்கம் போகிறது என்பதன் அறிகுறி அது. சாப்பிட்ட பிறகும் ஒரு அரை மணித்தியாலம் இருத்தியே வைக்க வேண்டும். நுரையீரலில் கிருமி பிடித்து வைத்தியசாலைக்கு வரும் முதியவர்களில் சிலருக்கு வருத்தம் தொடங்கியது வீட்டுக் கரண்டியில்தான்.

அப்புறம் தோல்.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுக்கை. மகள்மார் நன்றாகத்தான் பார்த்தார்கள்: வீடு மணக்கவில்லை, விரிப்பு சுத்தம், முதுகுக்குப் பவுடர். கையுறைகளுக்குள் தண்ணீர் நிரப்பிக் கட்டி இரண்டு குதிகாலுக்கும் அடியில் வைத்திருந்தார்கள். யாரோ வாட்டில் பார்த்துவிட்டு வந்து சொன்னதாம். நான் காலைத் தூக்கிப் பார்த்தேன். இடது குதிகாலில் ஐந்து ரூபாய்க் குற்றியளவுக்குத் தோல் கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது.

தண்ணீர்க் கையுறை குதிகாலுக்கு உதவாது. அந்தச் சின்ன இடத்தின் மேல் பாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். கெண்டைக்காலின் நீளத்துக்குத் தலையணை கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கவிட வேண்டும். இடுப்புக்கு வைக்கும் காற்று வளையமும் அப்படித்தான், சுற்றி நெரித்து நடுவில் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் கவனம். சரி, நம்முடைய நிறத்தில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடா, இறுகியிருக்கிறதா, நிறம் கூடக் கறுத்திருக்கிறதா? அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது இன்னும் கெடுக்கும். தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுவதைத்தான் வழக்கமாகப் படிப்பிக்கிறோம். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தையில் வியர்த்துக் கிடப்பவருக்கு அது கூடக் காணாது. "திருப்பினா நோகும் எண்டு விட்டிட்டம்" என்றார் மூத்த மகள்.

இதையெல்லாம் பிரிண்ட் எடுத்த தாளில் படிக்க முடியாது. எனவே காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நோயாளியின் பக்கத்தில் நின்று எத்தனை மணித்தியாலம் செய்ய விடுவீர்கள், எங்கே, யார் பார்த்துக்கொண்டு நிற்பார்? பொம்மையை மட்டும் காட்டிவிட்டுச் சான்றிதழ் தரும் வகுப்பிலிருந்து எங்களிடம் வந்த ஒரு தம்பிக்கு வீல் செயாரின் பிரேக்கைப் போடத் தெரியவில்லை. நல்ல பிள்ளை. அவரிடம் வாங்கியது ஒரு இலட்சத்துக்கு மேல்.

நம்முடைய ஊரில் இதைப் 'பீ மூத்திரம் அள்ளுற வேலை' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆமாம், அதுவும்தான். கழுவும்போது பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சலத்தில் கிருமி பிடிக்கும். கழுவாத பகுதியைத் துணியால் மூடி வைக்க வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர் வீடுகளில் உம்மாமாருக்கு உடம்பு துடைக்கும்போது தலைத்துணி விலகாமல் பார்ப்பதும், தொழுகைக்கு முன் சுத்தப்படுத்திக் கொடுப்பதும் வேலையின் பகுதி. வீட்டுக்குள் பார்த்ததை வெளியில் கதைக்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம் அல்லவா?

பராமரிப்பாளர் தாதி அல்ல. மருந்தின் அளவை மாற்றுவதும் ஊசி போடுவதும் அவருடைய வேலை இல்லை. சில பெற்றோர் சான்றிதழைக் காட்டி, "மகள் நேர்ஸ்" என்று கலியாணம் பேசுகிறார்கள். அதில் நான் தலையிடுவதில்லை.

இனி லண்டன். 2025 ஜூலை 22இலிருந்து பிரித்தானியா பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆட்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2024 மார்ச் 11 முதல், அந்த வேலைக்குப் புதிதாகப் போகிறவர்கள் கணவன், பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாமல் ஆகிவிட்டது. எனவே இன்று உங்களிடம் 'கெயார் விசா, ஸ்பொன்சர் ரெடி' என்று முற்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கான இங்கிலாந்தின் அடிப்படைச் சான்றிதழான 'கெயார் சேர்ட்டிபிக்கேட்' 2015இல் வந்தது. அதைப் பெற, அங்கே வேலை செய்யும் இடத்திலேயே உங்கள் செய்முறையைப் பார்த்து மதிப்பிட வேண்டும். மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் இருந்து அதை வாங்க முடியாது.

வேறு நாட்டுக்கென்றாலும், முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று நேரில் விசாரியுங்கள். பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு என்.வீ.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை கிடைக்குமா, எந்த மட்டம் என்பதைக் கேளுங்கள். 7 மட்டங்களில் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா. 'இன்டர்நஷனல் டிப்ளோமா' என்று பொன்னிற எழுத்தில் அடித்துத் தருவதெல்லாம் இதில் எந்த மட்டத்திலும் சேராது.

கடைசிக் கிழமைகளில் நான் அதிகம் திருத்துவது குறிப்புக் கொப்பிகளை. 'அம்மா இன்று நன்றாக இருந்தார்' என்று எழுதினால் வெட்டிவிடுவேன். என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள்? போன தடவை படித்தவர்களில், முதல் நாள் கஞ்சிக்குக் கோபப்பட்ட அந்தப் பிள்ளையின் கொப்பியில் ஒரு பக்கம்:

"காலை 8.10. கஞ்சி அரைக் கோப்பை, இருத்தி ஊட்டினேன். இரண்டு தரம் இருமினார், நிறுத்தினேன். 8.45 வரை இருத்தி வைத்தேன். 9.00 வலப் பக்கம் திருப்பினேன். இடது குதிகால் மற்றதைவிடச் சூடு, தோல் உடையவில்லை. கெண்டைக்காலுக்குத் தலையணை வைத்தேன். 9.05 மிஸ்ஸிடம் சொன்னேன்."