மன்னிப்பு கேட்டால் தீர்ப்பு போய்விடுமா?

கோர்ட் மார்ஷலில் (இராணுவ நீதிமன்ற விசாரணையில்) தண்டனை பெற்றவரின் குடும்பத்தார் என்னிடம் வந்தால், பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான்: “ஒரு கருணை மனு போட்டுப் பார்க்கலாமா சார்?” போடலாம். தண்டனை குறையலாம், நீங்கவும் செய்யலாம். ஆனால் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பு தவறு என்று அது சொல்லாது. இதை விளக்க எனக்குக் கைகொடுப்பது அமெரிக்கக் கடற்படையின் போர்ட் சிகாகோ வழக்கு.

கலிபோர்னியாவில் இருந்த அந்தத் துறைமுகத்தில் கப்பல்களில் குண்டுகளை ஏற்றியவர்கள் கறுப்பின மாலுமிகள். மேற்பார்வை வெள்ளை அதிகாரிகளுடையது. முறையான பயிற்சி கிடையாது, வேகம் மட்டும் வேண்டும். 1944 ஜூலை 17 இரவு அந்தக் குண்டுகள் வெடித்ததில் 320 பேர் இறந்தார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பினத்தவர். தப்பிய வெள்ளை அதிகாரிகளுக்கு விடுப்பு கிடைத்தது. கறுப்பின மாலுமிகளுக்கோ சில வாரங்களில் மறுபடி அதே வேலை. 258 பேர் மறுத்தார்கள். மரண தண்டனை என்று மிரட்டியதும் 208 பேர் இறங்கி வந்தார்கள். அவர்களையும் விடவில்லை, தண்டித்தார்கள். மீதி 50 பேர் மீது கலகக் குற்றம். எல்லோருக்கும் நீண்ட சிறைத்தண்டனை.

நடைமுறையைப் பாருங்கள். ஆளுக்கொரு நிலைமை இருந்தும் ஐம்பது பேருக்கும் ஒரே விசாரணை. வெடிப்பு பற்றிய கடற்படையின் சொந்த விசாரணை அறிக்கை முடிவதற்குள் வழக்கை நடத்திவிட்டார்கள். குண்டேற்றும் முறையைத் திருத்த 19 பரிந்துரைகள் இருந்த அறிக்கை அது! ‘பயந்து மறுத்தோம்’ என்பவருக்கு அதைவிட நல்ல சான்று எது? விசாரணையை நேரில் பார்த்த கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் மேல்முறையீடு செய்தும் தீர்ப்பு அசையவில்லை.

1999இல் அந்த ஐம்பது பேரில் ஒருவரான பிரெடி மீக்ஸுக்கு அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். வேறு சிலர் அதைக் கேட்கவே மறுத்தார்கள். செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு? அவர்கள் நினைத்தது சட்டப்படியும் சரிதான். 2024 ஜூலை 17 அன்றுதான் கடற்படை, இனப்பாகுபாட்டையும் விசாரணைக் குறைகளையும் ஒப்புக்கொண்டு, தண்டிக்கப்பட்ட மாலுமிகளைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தது. அதைக் கேட்க அவர்களில் ஒருவரும் உயிருடன் இல்லை.

அதனால்தான் கருணை மனு எழுதுவதற்கு முன், விசாரணை நடவடிக்கைப் பதிவின் நகலை வாங்கி வரச் சொல்கிறேன். வழக்கறிஞர் எப்போது கிடைத்தார், எந்த ஆவணத்தைத் தரவில்லை, யாரோடு சேர்த்து விசாரித்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.