வெப்பத்தை மறித்து மின்சாரத்தை விடும் படிகம்

“மின்சாரம் தாராளமாகப் பாய வேண்டும், வெப்பம் பாயக் கூடாது என்று ஒரே பொருளிடம் எதிர்பார்ப்பது முரண் இல்லையா?” வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்கும் வெப்பமின் பொருள்களைப் பற்றி வாசகர் ஒருவர் எழுப்பிய இக்கேள்வி நியாயமானது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1821-இல் இயற்பியலாளர் சீபெக் கண்டறிந்த விளைவு. வெப்பம் விரைந்து பரவி இரு முனைகளையும் சமமாக்கிவிட்டால் அந்த மின்னழுத்தமும் மறைந்துவிடும். செம்பு போன்ற உலோகங்களில் இரண்டையும் பெரும்பாலும் எலக்ட்ரான்களே சுமப்பதால் ஒன்றை மட்டும் தடுக்க இயலாது.

குறைக்கடத்திகளில் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சுமப்பவை ஃபோனான்கள் எனப்படும் அணு அதிர்வலைகள். மின்கடத்தலுக்காக வேற்று அணுக்களை மிகுதியாகச் சேர்த்த சிலிக்கானில் எலக்ட்ரான் சில நானோமீட்டர் சென்றதுமே எதிலாவது மோதித் திசைமாறுகிறது. ஃபோனான்களோ பல நூறு நானோமீட்டர் வரை தடையின்றிச் செல்லக்கூடியவை. ஆகவே ஐம்பது நானோமீட்டர் இடைவெளியில் ஒரு தடையை வைத்தால், ஏற்கெனவே அடிக்கடி மோதிக்கொண்டிருக்கும் எலக்ட்ரானுக்கு அது பெரிய இழப்பில்லை, ஃபோனானுக்கோ வழியே அடைபடுகிறது. ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிமனும் சொரசொரப்பான மேற்பரப்பும் கொண்ட சிலிக்கான் நானோகம்பிகளில் வெப்பக் கடத்துத்திறன் சுமார் நூறில் ஒரு பங்காகக் குறைந்ததென 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் ஃபோனான்கள் ஒரே அலைநீளம் கொண்டவை அல்ல என்பதுதான் இந்தத் துறையின் உண்மையான சுவாரசியம். கடலலை ஒரு மெல்லிய கழியைப் பொருட்படுத்தாமல் கடந்துபோவதுபோல், நீண்ட அலைநீள ஃபோனான்கள் தம்மைவிடச் சிறிய தடைகளை ஏறக்குறைய உணர்வதே இல்லை. எனவே ஒவ்வொரு அலைநீளத்துக்கும் அதற்குரிய அளவில் தடை வேண்டும்: வேற்று அணுக்கள் குறுகிய அலைகளையும், சில நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் இடைப்பட்டவற்றையும், பொருளில் நெருங்கி அமைந்த சிறு படிகங்களான படிகமணிகளின் எல்லைகள் நீண்டவற்றையும் சிதறடிக்கின்றன. ஈய டெல்லுரைடு என்ற குறைக்கடத்தியில் இம்மூன்றையும் ஒருசேரப் பயன்படுத்தி, சுமார் 915 கெல்வினில் 2.2 என்ற தரக்குறியீட்டை (வெப்பத்தை மின்சாரமாக்குவதில் ஒரு பொருள் எவ்வளவு சிறந்தது என்று காட்டும் எண்) 2012-இல் எட்டினார்கள். நெடுங்காலம் ஒன்றைத் தாண்டாமல் தேங்கியிருந்த எண் அது. அங்கே பதித்த ஸ்ட்ரான்சியம் டெல்லுரைடு துகள்களின் ஆற்றல் பட்டை (மின்னோட்டத்தைச் சுமப்பவை இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுதி) சூழ்ந்துள்ள படிகத்தின் பட்டையோடு நெருங்கி அமைவதால், இங்கே மின்னோட்டத்தைச் சுமக்கும் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள், நேர்மின்சுமைபோல் நகர்பவை) அவற்றை எளிதில் கடந்துவிடுகின்றன. தடையின் அளவை மட்டுமன்றி அதன் வேதியியலையும் பார்த்துத் தேர்ந்த இந்த நுட்பத்தை, அந்தச் சாதனை எண்ணைவிட மேலானதாகக் கருதுகிறேன்.

இத்தகைய எண்களுக்குக் கிடைக்கும் கவனமும் நிதியும், அதே பொருள் ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்தால் என்னவாகும் என்ற ஆய்வுக்கும் கிடைக்க வேண்டும். உயர் வெப்பநிலையில் அணுக்கள் மெல்ல இடம்பெயர, சிறு துகள்கள் கரைந்து பெரியவை மேலும் பெருக்கின்றன, படிகமணிகளும் வளர்கின்றன. தடைகளின் இடைவெளி அகன்றதும் ஃபோனான்களுக்கு மீண்டும் வழி திறந்துவிடுகிறது.