எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஒரு தாலுகா அலுவலக வாசலில் பார்த்த பாட்டியை மறக்க முடியவில்லை. மஞ்சப்பைக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். எம்.எல்.ஏ. லெட்டர்பேடு, மடிப்பு கிழிந்த இடத்தில் செல்லோடேப். 'தகுதி இருப்பின் பரிசீலிக்கவும்' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. ஏழு மாதமாக அதைத்தான் மேஜைக்கு மேஜை காட்டிக்கொண்டிருந்தார். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பமே போடவில்லை. "பாட்டி, நீங்க இன்னும் விண்ணப்பிக்கலை" என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எம்.எல்.ஏ. கடிதம் பரிந்துரைதான், உத்தரவு அல்ல. அவருடைய வேலை சட்டமன்றத்தில் கேள்வி கேட்பது, மசோதாவுக்கும் மானியக் கோரிக்கைக்கும் (ஒவ்வொரு துறையும் ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் தொகை) வாக்களிப்பது, குழுக்களில் உட்காருவது, தொகுதிக் குறைகளை அதிகாரிகளிடம் கொண்டுபோவது. உதவித்தொகைக்கு ஆணை போடுவது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த அந்தத் தொகைக்கு இ-சேவை மையத்தில் பதிந்து, விண்ணப்ப எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் எத்தனை கடிதம் வைத்திருந்தாலும் கோப்பு பிறக்காது.

தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளுக்கும் ஆண்டுக்குத் தலா 3 கோடி ரூபாய். எந்தப் பணி வேண்டும் என்று எம்.எல்.ஏ. சொல்லுவார், நிர்வாக அனுமதி கொடுப்பவர் ஆட்சியர். இதில் மக்கள் அதிகம் ஏமாறுவது நிலத்தில்தான். இடம் அரசுடையதாகவோ ஊராட்சி, நகராட்சியுடையதாகவோ இருக்க வேண்டும். ஊருக்குப் பொதுவாக விட்ட இடம்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பட்டாவில் இன்னமும் ஒருவர் பெயர் இருக்கும். அப்படியானால் முதலில் உள்ளாட்சி அமைப்பின் பெயருக்குத் தானமாகப் பதிந்து கொடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் வேறு இடம் பாருங்கள். கோயில், மசூதி, தேவாலயக் கட்டடத்துக்கும் இந்தப் பணம் கிடையாது. சர்வே எண், அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல் இரண்டையும் மனுவோடு இணைத்துவிட்டால் 'இட விவரம் இல்லை' என்று ஆறு மாதம் கழித்துத் திருப்ப முடியாது.

பாலம் மாதிரிப் பெரிய வேலை அந்த 3 கோடியில் அடங்காது, துறையின் பட்ஜெட்டில் வர வேண்டும். மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது போய் நின்றால் ஒதுக்கீடு அச்சாகியிருக்கும். மனுவைப் பல மாதம் முன்பே கொடுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு வழி, சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு. பல கட்சி எம்.எல்.ஏ.க்கள் இருக்கும் இந்தக் குழு மாவட்டங்களுக்கு நேரில் வரும். மனுதாரரை வைத்துக்கொண்டே மாவட்ட அதிகாரிகளிடம் விளக்கம் கேட்கும். எந்தத் தேதிக்குள் மனு அனுப்ப வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகம் அறிவிக்கும். ஆனால் செய்தித்தாளின் மூலையில் வரும் அந்த அறிவிப்பில் உள்ள விலக்குகளை யாரும் வாசிப்பதில்லை, அங்கேதான் பாதி மனுக்கள் சாகின்றன.

இந்தக் குழுவுக்கு அனுப்புவது பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. சாலையையும் தெருவிளக்கையும் குடிநீரையும் ஒரே தாளில் எழுதினால் போச்சு, மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். தனிநபர் குறை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலை, வங்கிக் கடன், பணியிட மாற்றம், நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரம் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதிகாரி மீதான புகாரும் கூடாது. 'லஞ்சம் கேட்கிறார், அதனால்தான் வாய்க்கால் தூர்வாரவில்லை' என்று கோபத்தில் எழுதாதீர்கள். வாய்க்காலைப் பற்றி மட்டும் எழுதுங்கள். லஞ்சத்துக்கு லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. வழக்கமாக ஐந்து பிரதி கேட்பார்கள், ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் தேதியும் வேண்டும்.

எங்கே மனு கொடுத்தாலும் ரசீது வாங்காமல் நகராதீர்கள். எம்.எல்.ஏ. அலுவலகம் என்றால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் என்றால் மனு எண். கொஞ்ச நாளில் 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்று பதில் வரும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அசையவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: மனு எந்தத் தேதியில் எந்த அலுவலருக்குப் போனது, அவர் எழுதிய குறிப்பின் நகல். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அது தகவல் ஆகாது என்று தட்டிவிடுவார்கள்.

மனுக்கள் குழு வரும் நாளில் அதிகாரி எழுந்து "பணி நடைபெற்று வருகிறது" என்பார். முந்தின நாள் அந்த இடத்தில் எடுத்த போட்டோ உங்கள் கையில் இருக்கட்டும். எந்த மாதம் முடியும் என்று அங்கேயே கேளுங்கள்.