லேண்ட் யூஸ், லேண்ட் கவர்: ரெண்டுக்கும் தமிழ்ல ஒரே சொல்லு போதுமா?

சேட்டிலைட் படத்த வச்சு 'நிலப்பயன்பாட்டு மாற்றம்'னு மேப் போடுவாங்கல்ல, 1990ல இப்படி, 2020ல இப்படின்னு கலர் கலரா, அந்தத் தலைப்புலயே ஒரு குளறுபடி இருக்கு. சேட்டிலைட்டுக்கு நிலத்தோட பயன்பாடு தெரியாது. மேல என்ன கெடக்குன்னுதான் தெரியும், தண்ணியா, புல்லா, மரமா, காங்கிரீட்டா, வெறும் மண்ணா, அவ்ளோதான். அங்க மனுசன் என்ன பண்றான்ங்கறது வேற சமாச்சாரம். மேல கெடக்கறதுக்கு லேண்ட் கவர்னு பேரு, பண்றதுக்கு லேண்ட் யூஸ்னு பேரு. நாம ரெண்டையும் சேத்து நிலப்பயன்பாடுன்னு எழுதிட்டுப் போயிடறோம்.

நிலப்பயன்பாடுங்கற சொல்லுல ஒரு குறையும் இல்ல. பயன்படு, பயன்பாடு. கட்டுப்படு கட்டுப்பாடு ஆன மாதிரிதான், ஸ்கூல்ல முதனிலை திரிந்த தொழிற்பெயர்னு மனப்பாடம் பண்ணிருப்போம். ஆபீஸ் பேப்பர்ல இதையே 'நில உபயோக மாற்றம்'னு போடுவாங்க, ஆனா அங்க அர்த்தம் வேற, மாஸ்டர் பிளான்ல விவசாயம்னு இருக்கற இடத்த குடியிருப்பாவோ தொழிற்சாலையாவோ மாத்திக்க வாங்கற அனுமதி அது. அனுமதி வாங்கி பத்து வருசம் சும்மா கெடக்கற நிலமும் உண்டு, அனுமதியே இல்லாம வீடு எழும்பின நிலமும் உண்டு.

சரி, இங்கிலீஷ்ல எப்படி ரெண்டாப் பிரிஞ்சுது? 1930கள்ல டட்லி ஸ்டாம்ப்னு ஒருத்தர், அதுக்கு முன்னாடி ரங்கூன்ல வாத்தியாரா இருந்தவர், பிரிட்டன் முழுக்க எந்த வயல்ல என்ன நடக்குதுன்னு ஸ்கூல் பசங்கள அனுப்பி மேப்ல குறிக்க வச்சார். பசங்க நேர்ல போய்ப் பாத்ததால யூஸ், கவர்னு குழப்பமே வரல, மாடு மேயுதுன்னா மேய்ச்சல் நிலம், முடிஞ்சுது. பிரச்சினை மேல இருந்து பாக்க ஆரம்பிச்சப்பதான் வந்துச்சு. 1972 ஜூலைல அமெரிக்காவோட லேண்ட்சாட் 1 சேட்டிலைட் போச்சு, ஒரு பிக்சல், அதாவது படத்துல ஒரு புள்ளி, தரைல கிட்டத்தட்ட 80 மீட்டர். நாலே வருசத்துல, 1976ல, அமெரிக்காவோட ஜியாலஜிக்கல் சர்வேல ஆண்டர்சனும் அவர் கூட இருந்தவங்களும் மேல இருந்து எடுக்கற படத்துக்குன்னே ஒரு வகைப்பாடு போட்டாங்க, அதுல லேண்ட் யூஸ், லேண்ட் கவர்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதினாங்க. அந்த ஜோடிதான் இன்னிக்கு எல்லா ரிப்போர்ட்லயும் எல்யூஎல்சின்னு சுருக்கி வருது. நம்ம நாட்டு சேட்டிலைட் ஐஆர்எஸ் 1ஏ 1988 மார்ச்ல பைக்கானூர்ல இருந்து போச்சு, அதுக்கப்பறம் ஹைதராபாத்ல இருக்கற தேசிய தொலையுணர்வு மையம் என்ஆர்எஸ்சியும் இதே ஜோடிய வச்சுதான் நாடு முழுக்க மேப் போடுறாங்க.

சேட்டிலைட்டையும் பிரிச்சுப் பாத்துடலாம். லத்தீன்ல சாடெல்லெஸ்னா கூடவே சுத்தற ஏவலாள், கெப்ளர் 1611ல வியாழனோட நிலாக்களுக்கு அந்தப் பேர வச்சார். நாம செயற்கைக்கோள்ங்கறோம், இலங்கைத் தமிழ்ல செய்மதி. எனக்கு செய்மதிதான் பிடிக்கும், சின்ன சொல்லு, பூமியச் சுத்தறது மதிதானே, கோள் சூரியனச் சுத்தும். தூரத்துல இருந்தே படம் எடுத்து அளக்கற ரிமோட் சென்சிங்குக்கு தொலையுணர்வுன்னு நல்லாவே நின்னுடுச்சு, அதுல சண்டை இல்ல.

இப்ப லேண்ட் கவருக்கு வருவோம். 'நிலப்பரப்பு'ன்னு போடறவங்க இருக்காங்க, அது தப்பு, பரப்புன்னா ஏரியா. 'நில மூடாக்கு' நல்லாத்தான் இருக்கு, ஆனா மூடாக்குன்னா விவசாயிக்கு செடி தூர்ல போடற சருகும் வைக்கோலும்தான் ஞாபகம் வரும். 'நில மூடல்'னு சொன்னா கேட்டப் பூட்டின மாதிரி கேக்குது. நிலப்போர்வைன்னா மேல கெடக்கறது, எடுத்தா போயிடும், கீழ நிலம் அப்படியே இருக்கும், மூணுமே சரியா வருது. நான் அதத்தான் எழுதறேன்.

இந்த வித்தியாசம் சொல்லோட நின்னா விட்டுடலாம், கணக்குலயே இடிக்குது. ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியா ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வனப்பரப்பு அறிக்கை போடறாங்க, 1987ல இருந்து. அதுல வனம்னா 1 ஹெக்டேருக்கு மேல இருக்கணும், மரக்கிளையோட நிழல் 10 சதவீதத்துக்கு மேல விழணும், அவ்ளோதான், நிலம் யாரோடது, என்ன பயன்பாடுன்னு பாக்க மாட்டோம்னு அவங்களே தெளிவா எழுதிடறாங்க. அப்ப அந்த அளவு தாண்டின பொள்ளாச்சி தென்னந்தோப்பும் உள்ள வரும், கன்னியாகுமரி ரப்பர் தோட்டமும் வரும். அவங்க அளக்கறது போர்வை, பேப்பர்ல தலைப்பு வர்றது 'காடு கூடிடுச்சு'ன்னு. ராமநாதபுரம் பக்கம் இதுக்குத் தலைகீழ், விவசாயம் விட்டுப்போன புஞ்சைல சீமைக்கருவேலம் ஏறி சேட்டிலைட்ல பச்சையாத் தெரியும், அதையும் சும்மா கெடக்குன்னு சொல்லிட முடியாது, வெட்டி கரி மூட்டம் போட்டு வித்துக்கிட்டு இருப்பாங்க.

சென்னைல பள்ளிக்கரணைய எடுத்துக்கோங்க. போர்வை என்னன்னா சதுப்பு, தண்ணியும் கோரையும். ஆனா பழைய பதிவுல அது வரி வராத, உதவாத நிலம், அதனால குப்பை கொட்டலாம், ரோடு போடலாம், கட்டடம் கட்டலாம்னு ஆச்சு. 2022ல ராம்சார்ங்கற சர்வதேச சதுப்புநிலப் பட்டியல்ல வந்தப்ப மிச்சம் இருந்து சேந்தது சுமார் 1,248 ஹெக்டேர். படத்த வருசவாரியா ஓட்டிப் பாத்தா தண்ணியோட கருப்பு சுருங்கி கட்டடத்தோட சாம்பல் நிறம் ஏறறது யாருக்கும் தெரியும், ஆனா 'உதவாதது'ன்னு எழுதின அந்த வரி படத்துல தெரியாது, அது ரெவின்யூ ரெக்கார்டுல கெடக்கு.

சொல்லப்போனா பயன்பாட்ட எழுதி வைக்கற வழக்கம் நம்ம ஊர்ல பழசு. விஏஓ கிட்ட இருக்கற அடங்கல்னா அதுதானே, சர்வே நம்பர் வாரியா, பசலி (வருவாய்க் கணக்கு வருசம்) வாரியா என்ன பயிர், எவ்வளவு, தரிசான்னு. நன்செய் நஞ்சை ஆச்சு, புன்செய் புஞ்சை ஆச்சு, ரெண்டுமே பயன்பாட்டுச் சொல்லு, போர்வைச் சொல்லு இல்ல. நெல்லு அறுத்து மே மாசம் காஞ்சு கெடந்தாலும் நஞ்சை நஞ்சைதான். புள்ளிவிவரத்துல தரிசையே ரெண்டாப் பிரிப்பாங்க, இந்த வருசம் மட்டும் விட்டது நடப்புத் தரிசு, ஒரு வருசம் தாண்டி அஞ்சு வருசம் வரைக்கும் கெடந்தா இதரத் தரிசு. ஒரே ஒரு படத்த வச்சு இத எந்த சேட்டிலைட்டாலயும் சொல்ல முடியாது. பிளாட்டு போட்டு கல்லு நட்ட வயலும் தரிசு மாதிரியேதான் தெரியும்.

ஆனா நூறு படம் இருந்தா சொல்லலாம், விஷயமே இங்கதான் இருக்கு. இலைல இருக்கற பச்சையம் சிவப்பு ஒளிய உறிஞ்சிக்கும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்ப இலை திருப்பி அடிக்கும், இந்த ரெண்டையும் வச்சு பச்சை எவ்வளவுன்னு போடற கணக்குதான் என்டிவிஐ, 1973லயே வந்துடுச்சு. (சில படத்துல மரமெல்லாம் ரத்தச் சிவப்பா இருக்கறது இதனாலதான், அகச்சிவப்புக்கு சிவப்பு நிறம் குடுத்துருப்பாங்க, பயந்துடாதீங்க.) அந்த எண்ண வருசம் முழுக்க கோடு போட்டா, ஒரு தடவ ஏறி இறங்குனா ஒரு போகம், ரெண்டு தடவ ஏறுனா குறுவையும் தாளடியும், இறங்காமயே நின்னா தோப்பு, வருசாவருசம் கொறஞ்சு ஒரு நாள் கோடு அப்படியே செத்துப்போய் அடியிலயே படுத்துட்டா கட்டடம். அதாவது போர்வை எப்படி மாறி மாறி வருதுங்கறதுதான் பயன்பாட்டுக்கு சாட்சி. இது எல்லாருக்கும் கைக்கு வந்தது 2008ல லேண்ட்சாட் படங்கள அமெரிக்கா ஓசில விட்டப்பறம்தான், அதுக்கு முன்னாடி ஒரு படத்துக்கே நூத்துக்கணக்குல டாலர், யாரு நூறு படம் வாங்குவா.

பிக்சல் அளவும் பாருங்க, லேண்ட்சாட்டோட 30 மீட்டர்னா 900 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 22 சென்ட். அதுக்குள்ள ஒரு வீடு, நாலு தென்னை, ஒரு மாட்டுக்கொட்டாய் இருந்தா மூணும் கலந்த ஒரு நிறம்தான் வரும். 2015ல வந்த ஐரோப்பாவோட சென்டினல் 2 சேட்டிலைட்ல 10 மீட்டர், அரை கிரவுண்டுக்கும் கம்மி, அது பரவால்ல. ஆனா ஐப்பசி கார்த்திகைல மேகம் மூடிக்கும், அப்ப மேகத்தத் தாண்டிப் பாக்கற ராடார் வச்ச சென்டினல் 1தான் கதி.

ரெண்டே ரெண்டு வருசத்துப் படத்த எடுத்து ஒப்பிடறவங்க மாசத்தப் பாக்கணும். டெல்டாவ ஒரு வருசம் ஜனவரிலயும் இன்னொரு வருசம் மே மாசமும் எடுத்தா தஞ்சாவூரே பாலைவனம் ஆயிடுச்சுன்னு மேப் வரும். அதோட ஆண்டர்சன் குழு ஒரு மேப்புக்குக் கேட்ட குறைஞ்சபட்ச துல்லியம் 85 சதவீதம், அப்படி ரெண்டு மேப்ப மோதவிட்டா தப்பு பெருகி, ரெண்டுமே சரியா இருக்கற இடம் 72 சதவீதம் பக்கம் வந்துடும். அதனால இப்படி ரெண்டு தேதி மேப்புக்கு 'நிலப்போர்வை மாற்றம்'னு தலைப்பு போட்டாப் போதும், 'நிலப்பயன்பாட்டு மாற்றம்'ங்கறத வருசக்கணக்குல தொடர் படம் பாத்தவங்களுக்கும் அடங்கலோட ஒத்துப் பாத்தவங்களுக்கும் விட்டுடலாம்.